பக்கீர் ஓம்

டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்துத் தமிழர்களில் சர்க்கஸில் வேலை செய்த ஒரே ஆள் அந்தோனிதாசன். நாங்கள் எல்லோரும் இறைச்சித் தொழிற்சாலையிலும் முதியோர் இல்லத்திலும் முதுகு வளைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவன் மட்டும் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஆணிப் பலகையில் படுத்திருந்தான். பிறகு பிராண்டேயில் மின்சாரக் காற்றாலை செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்து, மற்றவர்களைப் போலவே வேலை செய்து, மற்றவர்களைப் போலவே ஓய்வுபெற்றான். ஆனாலும் கலியாண வீடுகளில் இன்றைக்கும் அவனைக் கண்டால் யாராவது ஒருவன் “பக்கீர் ஓம்!” என்று கூப்பிட்டுச் சிரிப்பான். சிரிக்கட்டும். அந்த முதுகுக்கு எண்ணெய் தேய்த்தவன் நான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

என் பெயர் குணசேகரம். ஊர் யாழ்ப்பாணத்து இணுவில். அவன் பாசையூர். அவன் கடலுக்குப் போகிற கத்தோலிக்கன், நான் திருநீறு பூசுகிற சைவன். ஊரில் இருந்திருந்தால் ஒருவரை ஒருவர் கண்டிருக்கவே மாட்டோம். எண்பத்தாறாம் ஆண்டு கிழக்கு பெர்லின் வழியாக ஓடி வந்த எங்களை டென்மார்க்காரர் ஆளுக்கொரு மூலையாகப் பிரித்து அனுப்பியபோது, எங்கள் இரண்டு பேரையும் ஸ்கீவயில் ஒரே வீட்டில் போட்டார்கள். அவனைவிட நான் நாலைந்து வயது மூத்தவன். அதனால் எனக்கு அண்ணை என்ற பட்டம் கிடைத்தது. சமைக்கிற வேலையும் கூடவே வந்தது.

அவன் மனைவி மேரிசெலினும் மகள் றொஷானியும் பாசையூரில் இருந்தார்கள். பிள்ளை நடக்கத் தொடங்க முதலே இவன் கிளம்பிவிட்டான். எண்பத்தேழு வசந்தத்தில் இங்கே தங்க அனுமதி கிடைத்தது. அன்றைக்கே அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டான். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. சாப்பாடு, உடுப்பு, குளிர் எதைப் பற்றியும் அவன் கதைத்ததில்லை. செலினும் பிள்ளையும் வரவேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாளில் எங்களுக்குள் ஒரு நம்பிக்கை உலாவியது. கையில் வேலை இருந்தால் மனுசியைக் கெதியாக நாட்டுக்குள் விடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. அகதிகளுக்குச் சட்டம் தெரியாது, வதந்தி நன்றாகத் தெரியும். தாசன் வேலைக்காகத் தெருத்தெருவாக அலைந்தான். அந்த நேரத்தில்தான் பெல்மோரி சர்க்கஸ் ஸ்கீவவுக்கு வந்து, உதைபந்தாட்டத் திடலில் கூடாரம் அடித்தது.

எங்கள் யூட்லாண்ட் பக்கத்துக் காற்று யாருக்கும் மரியாதை கொடுக்காது. கூடாரத்தின் ஒரு பக்கம் கழன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வேலைக்கு ஆள் போதாமல் இரண்டு பேர் கயிற்றோடு இழுபட்டுக்கொண்டு நின்றார்கள். வேடிக்கை பார்க்கப் போன தாசன் வேலியைத் தாண்டி ஓடிப்போய், கயிற்றைப் பிடித்து, வள்ளம் கட்டுகிற மாதிரி முளையில் கட்டிவிட்டான். முதலாளி ஹோல்கர் பெல்மோரி மூக்குச் சிவந்த பெரிய மனிதர். உண்மையான பெயர் பெல்மோரியும் இல்லை, அது வேறு கதை. அவர் அங்கேயே வேலை தருவதாகச் சொல்லி, என்னென்ன செய்ய வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார்.

கூடாரம் அடிக்க வேண்டும். தாசன் தலையாட்டி, “ஓம்” என்றான். குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். “ஓம்.” லொறியில் தூங்க வேண்டும். “ஓம், ஓம்.”

அவனுக்கு அப்போது டேனிஷ் சரியாக வராது. எந்த மொழியில் கேட்டாலும் யாழ்ப்பாணத்தான் வாயில் முதலில் வருவது ஓம்தான், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்கிற சொல். ஆனால் ஹோல்கர் விளக்குவதை நிறுத்திவிட்டு அவனை உற்றுப் பார்த்தார். கண்ணை மூடி, இரண்டு கையையும் கும்பிட்டு, மணி அடித்த மாதிரி நீளமாக “ஓ...ம்” என்றார். தாசன் அதைப் பார்த்து, மனுசன் நம்முடைய பாஷையில் சம்மதம் சொல்கிறார் என்று எண்ணிச் சந்தோஷமாக இன்னொரு முறை “ஓம்” என்றான். அவ்வளவுதான். கூடார வேலைக்குப் போனவன் பக்கீர் ஆகிவிட்டான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை.

ஹோல்கரின் பூட்டனார், அதாவது பாட்டனுக்குத் தகப்பன், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனவராம். ஃபிலடெல்பியா நகரத்தில் ஒரு மலிவுக் கொட்டகையில் வேலை. அந்தக் கொட்டகையில் ஒரே மேடையில் முதலில் அழுகை நாடகம், பிறகு தொப்பி போட்ட நாய்கள், பிறகு கயிற்றில் நடக்கிற பெண், கடைசியில் ஆணிப் படுக்கையில் ‘இந்தியப் பக்கீர்’. ஆலைகளில் வேலை முடித்து வந்தவர்கள் கச்சான் கடலை கொறித்துக் கோதைக் கால்மாட்டில் போட்டுக்கொண்டு பார்ப்பார்களாம். அந்தப் பக்கீர் வேறு யாருமல்ல, இந்தப் பூட்டனார்தான். அக்ரூட் கோதுச் சாற்றை உடம்பெல்லாம் பூசிக் கறுப்பாகிக்கொண்டு படுத்திருக்கிறார். அதில் சேர்த்த பணத்தோடு திரும்பி வந்துதான் சர்க்கஸ் தொடங்கினார். ஆணிப் பலகையும் கூடவே வந்தது. ஹோல்கரின் வண்டிக்குள் அந்தக் கொட்டகையின் பழைய விளம்பரத் தாள் கண்ணாடிக்குள் தொங்கியது. அதில் பூட்டனார் நீலக் கண்ணோடு பக்கீராக உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

நூறு வருடம் கழித்து அந்தக் குடும்பத்துக்குச் சாறு பூசத் தேவையில்லாத ஒருவன் கிடைத்துவிட்டான். அவன் கழுத்தில் குருசு தொங்கியது என்பதுதான் ஒரே சிக்கல்.

“அதைக் கழற்றிவிடு. இந்தியப் பக்கீருக்குக் குருசு எதற்கு?” என்று ஹோல்கர் கேட்டார்.

தாசன் கழற்றினான். ஆனால் வீட்டில் வைக்கவில்லை. தலைப்பாகை கட்டும்போது உள்ளே வைத்துச் சுற்றிக்கொள்வான். ஒவ்வொரு காட்சியிலும் தலைக்குள் யேசுவோடும் வாயில் ஓமோடும் ஆணியில் படுத்தான். ஒரு லீவு நாளில் வீட்டுக்கு வந்தபோது எனக்கு அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

“அண்ணை, உங்கட சாமியின்ர மந்திரத்தை நான் காட்சிக்கு விக்கிறன். கோவமோ?”

“மந்திரமோ? நீ ‘யெஸ்’ எண்டுதானே சொல்லுறாய். படு, எண்ணெய் பூசிவிடுறன்.”

ஆணிகள் நெருக்கமாக இருந்தால் குத்தாது என்று ஹோல்கர் சொல்லிக் கொடுத்திருந்தார். குத்தாதுதான். ஆனால் முதுகு முழுக்கச் சிவந்த புள்ளிகள் இருக்கும். காட்சி முடிந்ததும் அந்த முதுகோடு கூடாரம் பிரிக்க வேண்டும், கயிறு சுற்ற வேண்டும், அடுத்த ஊருக்குப் போய் மறுபடி அடிக்க வேண்டும். எல்லா ஊரும் ஒரே மாதிரி. ஒரு கோவில், ஒரு கூட்டுறவுக் கடை, ஒரு உதைபந்துத் திடல், ஒரு காற்று. “ஊரின்ர பேரைப் பாக்கிறதை விட்டிட்டன் அண்ணை,” என்றான். களைப்பு அவனுக்குத் தோலுக்குள்ளேயே போய்விட்டது. இருந்தும் ஒரு நாள்கூட விடுகிறேன் என்று சொல்லவில்லை. வேலை இருந்தால் மனுசியை விடுவார்கள் அல்லவா? நாய் வேசம் போட்டால் குலைத்துத்தான் ஆக வேண்டும்.

இதற்கிடையில் அந்தச் சொல் சர்க்கஸ் முழுக்கத் தொற்றிவிட்டது. குதிரைக்காரன், கோமாளி, ரிக்கற் விற்கிற பெண், எல்லோரும் அவனைக் கண்டால் “ஓம்” என்பார்கள். சாப்பிட்டாயா என்றால் “ஓம்”. வண்டியை எடுக்கவா என்றால் “ஓம்”. முதலில் பகிடிக்குத் தொடங்கியது, பிறகு அவர்களுக்கே பழகிவிட்டது. வெள்ளைக்காரர் வாயில் ஓம் என்று வருவது தாசனுக்கு அதிசயமாகத் தெரியாமல் போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கு இதுதான் காரணம்.

கோடை முடிகிற நேரம் சர்க்கஸ் பிராண்டேயில் நின்றது. அங்கே தபாற்கந்தோருக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு. தாசன் அதற்குள் நின்று கொப்பன்ஹேகன் குடிவரவு அலுவலகத்துக்கு எடுத்தான். வழக்கமாக நான்தான் எடுத்துக் கேட்பேன். அன்றைக்கு அவனுக்குப் பொறுமை இல்லை. தெரிந்த டேனிஷில், “என்ர மனுசி, என்ர பிள்ளை வருவினமோ?” என்று கேட்டான். ஒரு பெண் தாள்களைப் புரட்டினாள். பிறகு பதில் சொன்னாள். அந்தப் பதிலின் முதல் சொல் அவன் காதில் கணீரென்று விழுந்தது.

“ஓம்.”

அவள் மேலும் ஏதோ சொன்னாள். அவன் நன்றி சொல்லி வைத்துவிட்டான். நேரே தபாற்கந்தோருக்குள் போய் ஊருக்குத் தந்தி அடித்தான்: அனுமதி வந்துவிட்டது, பிள்ளையோடு கொழும்புக்கு வா. அன்று மாலைக் காட்சியில் அவன் சொன்ன ஓம் கூடாரத் துணியை அதிர வைத்ததாம். ஹோல்கர் கட்டிப் பிடித்தாராம்.

செலின் தந்தியைக் கண்டதும் வீட்டைப் பூட்டினாள். கோழிகளையும் தையல் மிசினையும் யாரிடமோ கொடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்தாள். சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன மாதம் அது. பாதை திறந்திருந்தது.

சர்க்கஸ் முடிந்து தாசன் ஸ்கீவவுக்கு வந்தபோது கேக் ஒன்றும் வாங்கி வந்தான். நான் தேநீர் போட்டேன். அவன் முகத்தை அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை, உள்ளே விளக்கு வைத்த மாதிரி இருந்தது. எனக்கு ஒரு சந்தேகம். அனுமதி என்றால் தபாலில் அல்லவா வரும்? எங்கள் பெட்டிக்கு ஒன்றும் வரவில்லையே.

“தாசன், அவள் என்னதான் சொன்னவள்? சொன்னபடியே சொல்லு பாப்பம்.”

“ஓம் எண்டாள்.”

“டேனிஷ்காரி ஓம் எண்டு சொல்லுவாளோடா?”

“ஏன் சொல்லமாட்டாள்? சர்க்கஸில எல்லாரும் சொல்லுகினம். எங்கட ஆக்கள் நாள் முழுக்க எடுத்து எடுத்துக் கேட்டு அவளுக்கும் பழகியிருக்கும்.”

“பிறகு?”

“பிறகு என்னவோ சொன்னவள். ஓம் எட் ஓ, மொஸ்கே எண்டு. ஓம் எண்டு சொன்னாப் பிறகு மிச்சத்தை ஆர் அண்ணை கேப்பினம்?”

மொழிப் பள்ளியில் அந்தச் சின்னச் சொல்லுக்காக எங்கள் ஆசிரியை ஒரு காலை முழுவதையும் செலவழித்திருந்தார். அந்த வகுப்பு நடந்தபோது இவன் எங்கேயோ ஆணியில் படுத்திருந்தான். டேனிஷில் ‘ஓம்’ என்றால் ‘ஆமாம்’ அல்ல. காலத்துக்கு முன்னால் அதைப் போட்டால், ‘இவ்வளவு காலம் கழித்து’ என்று அர்த்தம். ஓம் எட் ஓ என்றால் ஒரு வருடம் கழித்து. மொஸ்கே என்றால் ஒருவேளை.

சொன்னேன். சொல்லாமல் விட முடியுமா? அவன் கோபப்படவில்லை, அழவுமில்லை. கேக்கைப் பெட்டியோடு மூடி, குளிர்பெட்டிக்குள் வைத்தான். பிறகு, “அவள் வீட்டைப் பூட்டிப்போட்டு வந்திட்டாளே அண்ணை,” என்றான். எனக்கு அந்த மொழியின் மீதே ஆத்திரம் வந்தது. உலகத்தில் இல்லாத சொல்லா, அதற்குப் போய் எங்களுடைய சொல்லையா எடுக்க வேண்டும்?

லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்து அவன் செலினிடம் உண்மையைச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அவள் கத்தியது எனக்கும் கேட்டது.

“இஞ்சேருங்கோ, வாய் புளிச்சுதோ மாங்காய் புளிச்சுதோ எண்டு தந்தி அடிக்கிறதோ? நான் இனிப் பிள்ளையோட எங்க போறது?”

“ஊருக்குத் திரும்பிப் போ செலின். கொஞ்ச நாள்தான்.”

அவள் திரும்பிப் போக ஆயத்தமானபோது யாழ்ப்பாணத்தில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கிவிட்டது. பாதை அடைபட்டது. பாசையூரில் அவர்கள் வீட்டுக் கூரை போய்விட்டது என்று பிறகு செய்தி வந்தது. அந்தப் பிழை அவர்களைக் காப்பாற்றியது என்று சிலர் தாசனுக்கு ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் லொட்ஜ் அறையில் ஒற்றைக் கட்டிலில், இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று ஒரு பிள்ளையை வளர்த்தவளிடம் போய் அந்த ஆறுதலைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அந்தக் குளிர்காலம் அவன் என்னோடு இறைச்சித் தொழிற்சாலைக்கு வந்தான். வசந்தம் வந்ததும் மறுபடி ஹோல்கரிடம் போனான். அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்த சர்க்கஸ் வேலையை விட்டால் அதையும் ஒரு குற்றமாக எழுதிவிடுவார்கள் என்று பயம். ஆனால் அரங்கில் போய்ப் படுத்ததும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. மேளம் அடிக்கிறது, விளக்கு முகத்தில் விழுகிறது, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். தாசன் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக, “இல்...லை” என்றான்.

சனம் முன்னையைவிடப் பலமாகக் கைதட்டியது. புது மந்திரம் இன்னும் ஆழமாக இருக்கிறது என்று ஹோல்கர் பாராட்டினார். அந்த வருடம் முழுவதும், அதற்கடுத்த வருடமும், டென்மார்க்கின் ஊர் ஊராகப் போய் ஆணியில் படுத்துக்கொண்டு ஒரு தமிழன் இல்லை இல்லை என்று சொன்னான். அதற்குக் கைதட்டினார்கள். அது மந்திரமல்ல, வெறும் செய்தி என்று அங்கே யாருக்கும் தெரியாது.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு வந்தது. யார் என்ன சொன்னாலும் உடனே பதில் சொல்லமாட்டான். மிச்சத்துக்காகக் காத்து நிற்பான். தேநீர் வேண்டுமா என்று நான் கேட்டால்கூட, பின்னால் ‘ஒருவேளை’ ஏதாவது வருகிறதா என்று என் வாயைப் பார்ப்பான். எனக்கு எரிச்சல் வரும். பிறகு வெட்கமாக இருக்கும்.

எங்கள் விண்ணப்பங்கள் ஏன் நகரவில்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. தமிழர்களுடையதை மட்டும் அடியில் போட்டு வைக்கச் சொல்லி மேலிருந்து சொல்லப்பட்டது என்று பிறகு பத்திரிகைகள் எழுதின. விசாரணை நடந்தது, ஒரு அரசாங்கமே விழுந்தது. டேனிஷ் பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடத்தில் ‘தமிழர் வழக்கு’ என்று படிக்கிறார்கள். நல்லது, படிக்கட்டும். வழக்கு என்று பெயர் வருவதற்கு முன்னால் அது வெறும் காத்திருப்பாகத்தான் இருந்தது.

எண்பத்தொன்பதாம் ஆண்டு கோடையில் எங்கள் பெட்டிக்கு அனுமதி வந்தது. சர்க்கஸ் மறுபடியும் பிராண்டேயில் நின்றது. நான் பழைய காரை எடுத்துக்கொண்டு நேரே அங்கே ஓடினேன். தாசன் குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். தாளை வாங்கி, தொடக்கத்திலிருந்து கடைசி வரிவரை ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். ‘ஓம்’ வருகிற இடங்களில் விரலை வைத்து என்னிடம் அர்த்தம் கேட்டான். பிறகு இருவரும் அதே தொலைபேசிக் கூண்டுக்குப் போனோம்.

“செலின், ஓம் எண்டு வந்திட்டுது,” என்றான்.

அந்தப் பக்கத்தில் அவள் மெதுவாகக் கேட்டாள்.

“எந்த ஓம்? எங்கட ஓமோ, அவங்கட ஓமோ?”

அவன் தொலைபேசியை என் பக்கம் நீட்டினான். நான் வாங்கிச் சொன்னேன்: “தங்கச்சி, நான் குணமண்ணை கதைக்கிறன். எங்கட ஓம்தான். கண்ணால பாத்திட்டன்.”

அன்று மாலை முதன்முறையாக அவனுடைய காட்சியைப் பார்த்தேன். ஆணிப் பலகையில் படுத்து, கூடார உச்சியைப் பார்த்துக்கொண்டு “ஓம்” என்றான். நீட்டவில்லை, சாதாரணமாகச் சொன்னான். ஏதோ இரண்டு பேர் கைதட்டினார்கள். பழையதையே ஏன் சொன்னாய், இல்லைதானே நன்றாக இருந்தது என்று ஹோல்கர் பிறகு ஏசினார்.

இலை உதிர்கிற காலத்தில் அவர்கள் வந்தார்கள். கொப்பன்ஹேகன் விமான நிலையத்துக்கு நானும் போனேன். தாசன் வழி முழுக்க என்ன கதைப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். கண்ணாடிக் கதவு திறந்தது. அவன் நினைவில் வைத்திருந்ததைவிட மெலிந்த ஒரு பெண் வந்தாள். அவள் சேலைக்குப் பின்னால் நின்று ஒரு சிறுமி இவனை யாரோ என்று பார்த்தாள். பாடமாக்கியதெல்லாம் அவனுக்கு மறந்துபோனது.

“களைச்சுப் போனியோ செலின்?” என்று கேட்டான்.

“ஓம்,” என்றாள்.

தாசன் அசையாமல் நின்றான். பழக்கதோஷம், மிச்சத்துக்காகக் காத்திருந்தான். மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. அவள் பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.